நூற்று இருபத்தைந்தை 10025 என்று எழுதும் மகன்

மொரிஷியஸின் வடபகுதியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பிள்ளையின் பள்ளியைப் பற்றிய விவரங்களை நானே எடுத்துவிட்டேன். நீளமான கடிதம், சாரம் இதுதான்.

அவர் தமிழ்நாட்டில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் வீட்டார் பல தலைமுறைகளாக இந்தத் தீவில் இருக்கும் தமிழர்கள். கோயில், காவடி, தமிழ்ப் பெயர் எல்லாம் உண்டு, பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல். வீட்டின் முன்னறையில் மாமியார் ஒரு சின்ன லாபுத்திக், அதாவது மளிகைக் கடை, நடத்துகிறார். ஒரே மகன், ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அம்மாவிடம் தமிழ், பாட்டியிடம் கிரியோல், பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஆங்கிலம், டீச்சர் விளக்குவது பாதி பிரெஞ்சில். "நூற்று இருபத்தைந்து ரூபாய் எழுது" என்றால் 10025 என்று எழுதுகிறான். பாட்டி கிரியோலில் எழுபத்தைந்து என்றால் 6015 என்று எழுதுகிறான். ஐந்து ரூபாய்க் காசையும் பத்து ரூபாய்க் காசையும் நீட்டி எது அதிகம் என்று கேட்டால் ஐந்தைத் தொடுகிறான். ஒருநாள் கடைக்கு வந்தவர் நூறு ரூபாய் நோட்டைக் கொடுக்க, "பாக்கி கொடுடா" என்றதும் கல்லாவிலிருந்த சில்லறையை இரண்டு கையாலும் அள்ளி நீட்டியிருக்கிறான். நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் கடைப்பக்கம் வருவதில்லை.

டியூஷன் டீச்சர் "இது டிஸ்கால்குலியா (கணக்கறிவில் குறைபாடு), சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார். மாமியார் "தமிழை நிறுத்து, குழப்பம் தீரும்" என்கிறார். மாமனார் தப்புக்கு ஒரு தடவை ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டுகிறார். சரியான விடைக்கு ஒரு ரூபாய் கொடுத்துப் பழக்கலாமா என்று இவர் யோசிக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "என் தமிழால்தான் பிள்ளை கெட்டுப்போகிறானா?"

சகோதரி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். உங்கள் மகன் நூறு என்று கேட்டதும் 100 எழுதியிருக்கிறான், சரி. இருபத்தைந்து என்று கேட்டதும் 25 எழுதியிருக்கிறான், அதுவும் சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். காதில் விழுந்த வரிசையிலேயே கை எழுதுகிறது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் எத்தனையோ மொழிகளில் இதே தவறைச் செய்கிறார்கள். எழுத்தில் இடமதிப்பு பிடிபட்டதும் பெரும்பாலும் அது தானாக உதிர்ந்துவிடும். 6015உம் இதே கதைதான். கிரியோலில் எழுபத்தைந்தை 'சுவாசான்-கேன்ஸ்' என்கிறோம்: அறுபது, பதினைந்து. அவன் அறுபதையும் எழுதினான், பதினைந்தையும் எழுதினான். கேட்டதைப் பிசகாமல் எழுதும் பிள்ளை இவன்.

அள்ளிக் கொடுத்த சில்லறையையும் அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். பாட்டி ஒரே ஒரு தாளை வாங்கிக்கொண்டு கை நிறையக் காசு கொடுப்பதைத்தான் தினமும் பார்க்கிறான். விலை, மீதி எல்லாம் பாட்டியின் மனதுக்குள் நடக்கிறது; வெளியே தெரிவது ஒரு தாள் போய்ப் பல காசு வருவது மட்டும். பார்த்ததை அப்படியே செய்தான்.

காசு முதலில், எழுத்து கடைசியில்

பணத்தொகையைக் கற்றுக்கொள்வது ஒரே பாடம் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருப்பதாகத் தெரிகிறது. அதில் மூன்று வேலைகள் இருக்கின்றன: காசைப் பார்த்து இன்னது என்று அறிவது, எழுதியிருக்கும் தொகையை வாசிப்பது, கேட்ட தொகையை எழுதுவது. இவற்றில் எழுதுவதுதான் கஷ்டமானது. நீங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். டியூஷனிலும் அப்படித்தான். கொஞ்ச நாளைக்கு எழுதச் சொல்வதை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

முதலில் காசு. பிளாஸ்டிக் விளையாட்டுக் காசு வேண்டாம், கல்லாவிலிருந்து உண்மையான காசையே எடுங்கள். நம் தீவின் காசுகள் சின்னப் பிள்ளையை ஏமாற்றக்கூடியவை. ஐந்து ரூபாய்க் காசுதான் இருப்பதிலேயே பெரியது, கையில் கனமாகவும் இருக்கும். பத்து ரூபாய்க் காசு அதைவிடச் சிறியது. பெரிதாக இருப்பதற்கு மதிப்பும் பெரிது என்று நினைக்கும் வயதில் அவன் ஐந்தைத் தொட்டதில் ஆச்சரியம் என்ன? இருபது ரூபாயும் ஐந்தைவிடச் சிறியதுதான். இருபது சதக் காசிலும் (சதம் என்பது ரூபாயில் நூறில் ஒரு பங்கு) 20, இருபது ரூபாய்க் காசிலும் 20. முகத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால் எல்லாவற்றிலும் நாட்டின் முதல் பிரதமர் ராம்கூலம்தான் இருக்கிறார். எனவே அளவையும் முகத்தையும் விட்டுவிட்டு, வடிவத்தையும் நிறத்தையும் விரலால் தடவிச் சொல்லப் பழக்குங்கள். பத்து ரூபாய்க்கு ஏழு முனை. இருபது ரூபாய்க்கு இரண்டு உலோகம், நடுவில் ஒன்று, சுற்றி ஒன்று. ஐந்து சதம் செம்பு நிறம். ஒரு துணிப்பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே "ஏழு முனை, பத்து!" என்று எடுக்கும் விளையாட்டு இந்த வயதுக்குப் பிடிக்கும். எல்லாக் காசையும் ஒரே நாளில் பையில் போட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று வகை போதும்.

அடுத்தது மாற்றிக்கொள்வது. இதில் அவசரப்படாதீர்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஐந்து ரூபாய், இருபது ரூபாய்க் காசுகளையும், இருபத்தைந்து, ஐம்பது, இருநூறு நோட்டுகளையும் கொஞ்ச காலம் ஒளித்து வைத்துவிடுங்கள். மேசையில் மூன்று மட்டும் இருக்கட்டும்: ஒரு ரூபாய்க் காசு, பத்து ரூபாய்க் காசு, நூறு ரூபாய் நோட்டு. ஏன் இந்த மூன்று? ஒன்று, பத்து, நூறு என்பவை எழுத்தில் வரும் மூன்று இடங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள், வலது ஓரத்தில் ஒரு ரூபாய், நடுவில் பத்து, இடது ஓரத்தில் நூறு. நீங்கள் வங்கி, அவன் கடைக்காரன். ஒரு ரூபாய்க் கட்டத்தில் பத்துக் காசு சேர்ந்தால் வங்கிக்குக் கொண்டுவந்து ஒரு ஏழு முனைக் காசாக மாற்றிக்கொள்ள வேண்டும். பத்துக் காசைக் கொடுத்து ஒரே காசு வாங்குவது முதல் சில நாள் அவனுக்கு நஷ்டமாகவே தெரியும். முகம் சுளிப்பான். பேசிப் புரியவைக்க முயலாதீர்கள். அந்த ஒரே காசைத் திரும்ப உங்களிடம் கொடுத்துப் பத்தையும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் மறுபடி. இப்படிப் போய்வந்தால்தான் இரண்டும் ஒன்று என்பது கைக்குப் புரியும்.

அது சரளமானதும் எழுத்துக்கு வரலாம். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி மூன்று அட்டை செய்யுங்கள். மூன்று விரல் அகலத்தில் ஒன்று, அதில் 100. இரண்டு விரல் அகலத்தில் ஒன்று, அதில் 20. ஒரு விரல் அகலத்தில் ஒன்று, அதில் 5. கட்டத்தில் ஒரு சிவப்பு நோட்டும் இரண்டு ஏழு முனையும் ஐந்து ஒரு ரூபாயும் வைத்துவிட்டு, நூறு அட்டையைக் கீழே போட்டு அதன் மேல் வலது ஓரம் பொருந்தும்படி இருபதை வைத்து, அதன் மேல் ஐந்தை வையுங்கள். 125 தெரியும். சுழிகள் அடியில் ஒளிந்திருக்கின்றன. அவனையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 10025 எழுதும் எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில்தான் "ஓ!" என்கிறார்கள். அதன் பிறகு 105 கொடுங்கள், நடுக்கட்டம் காலி. அங்கே ஏன் ஒரு சுழி போட வேண்டும் என்று அவனே சொல்லும்வரை காத்திருங்கள்.

வாசிப்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. எழுத்தில் ரூபாய்க் குறி முன்னால் வருகிறது, பேச்சில் பின்னால் வருகிறது. "ரூபாய் எழுபத்தைந்து" என்று வாசித்தால் திட்ட வேண்டாம், எழுதியிருப்பது அப்படித்தானே. சதத்தை இந்த ஆண்டு தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து ரூபாய் ஐந்து சதத்தை 5.5 என்று எழுதும் பெரியவர்களே இருக்கிறார்கள். பின்னால் சொல்லித்தரும்போது, புள்ளிக்கு வலப்பக்கம் எப்போதும் இரண்டு கட்டம் என்று தொடங்குங்கள்: 5.05, 5.50. லட்சம், கோடி சொல்லித்தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சொல்லாகத் தெரிந்திருக்கட்டும், ஆனால் இந்திய முறையில் இரண்டிரண்டு இலக்கமாகக் கமா போடப் பழக்காதீர்கள். இங்குள்ள பள்ளியில் மூன்று மூன்றாகத்தான் போடுவார்கள்.

தமிழை நிறுத்தலாமா?

மாமியாரின் பயத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. ஒரே கணக்கை ஒரே மூச்சில் மூன்று மொழியில் சொன்னால் எந்தப் பிள்ளையும் தடுமாறும். ஆனால் குற்றவாளி தமிழ் என்பது தவறான கணிப்பு. எழுபது, எண்பதுகளில் தமிழ் மிகவும் நேர்மையானது, எழுபத்தைந்தில் ஏழும் ஐந்தும் காதிலேயே கேட்கின்றன. கிரியோலிலும் பிரெஞ்சிலும் எழுபதிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை மேடு பள்ளம்தான்; தொண்ணூற்றைந்து என்றால் நான்கு இருபது, பதினைந்து. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் சின்னக் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். தமிழுக்கும் அதன் பள்ளம் உண்டு: தொண்ணூறில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. அந்த இரண்டிலும் மகன் தடுக்குவான், முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த மொழியையும் நிறுத்த வேண்டாம். ஒரு உட்காரலுக்கு ஒரு மொழி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு உட்கார்ந்தால் தமிழ், பாட்டியோடு கிரியோல், வீட்டுப்பாடத்துக்கு ஆங்கிலம். தப்பு வந்தால் வேறு மொழிக்குத் தாவி விளக்காமல், "காசை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். காட்டிவிட்டான் என்றால் எண் புரிந்திருக்கிறது, சொல்தான் சிக்கல். காட்டவும் முடியவில்லை என்றால் எண்ணே இன்னும் பிடிபடவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கிறது என்பதை மாமியாரிடம் எடுத்துக் காட்டுங்கள். 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். மாமியாருக்கு அது நன்றாக நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். நூறு ரூபாய் நோட்டிலிருக்கும் ரங்கநாதன் சீனிவாசனும் தமிழர்தான், வழக்கறிஞர், கல்வி அமைச்சராக இருந்தவர். மகன் இரண்டாம் வகுப்பில் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பவன். "நூறு" என்பதை நோட்டிலேயே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே, எல்லோர் பர்ஸிலும் இருக்கும் ஒரு தாளில் தான் படித்த எழுத்தைப் பார்ப்பது அவனுக்குப் பெரிய விஷயம்.

ஸ்கேலும் ஒரு ரூபாய்ப் பரிசும்

மாமனாரின் ஸ்கேல் நிற்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையைத் திருத்துவதற்காக அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் அது தடுக்கிறது. வீட்டுப் பெரியவர்களும் அதற்கு விலக்கு இல்லை. ஆனால் சட்டத்தை முதல் வார்த்தையாக எடுக்காதீர்கள். மருமகள் வாயிலிருந்து சட்டம் வந்தால் வீடு இரண்டாகும், ஸ்கேலும் நிற்காது. உங்கள் கணவர் பேசட்டும், தன் அப்பாவிடம் தனியாக. "அடி விழும் என்று பயந்தால் எண்ணிக்கை மறந்துபோகிறது" என்பது பெரியவர்களும் ஒத்துக்கொள்ளும் நியாயம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், கணக்குப் பாடத்தின்போது பிள்ளை மாமனார் பக்கத்தில் இருக்காதபடி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரியான விடைக்கு ஒரு ரூபாய் வேண்டாம். காசையே பாடமாகவும் கூலியாகவும் வைத்தால், கூலி நின்ற நாளில் பாடமும் நிற்கும். வாரம் ஒருநாள் அவன் கையில் கொஞ்சம் சில்லறை கொடுங்கள், மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடாமல். அதை அவனே எண்ணிச் செலவு செய்யட்டும். காத்தோ பிமா (பருப்பு வடை போன்ற மிளகாய்ப் பலகாரம்) விற்பவரிடம் ஒன்று ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கையிலிருக்கும் முப்பதுக்கு எத்தனை வரும், இரண்டு தின்றுவிட்டு மீதியில் என்ன வாங்கலாம் என்று அவன் மண்டையைக் குடைவான் பாருங்கள், எந்த ஒர்க்ஷீட்டும் அதைச் செய்யாது. நீங்கள் கடைகளில் பெரும்பாலும் போனில் 'ஜூஸ்' என்ற செயலியில் பணம் செலுத்திவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் கூட வரும் நாள்களில் ரொக்கமாகக் கொடுங்கள். திரையைத் தட்டினால் சாமான் வருகிறது என்பதிலிருந்து ஒரு ஏழு வயதுப் பிள்ளை தொகையைக் கற்றுக்கொள்ள வழியில்லை.

கல்லாவுக்குத் திரும்புவது

இப்போதைக்கு வாடிக்கையாளர் முன்னால் நிறுத்தாதீர்கள். கடை சாத்திய பிறகு பாட்டியோடு சில்லறை அடுக்கும் வேலையைக் கொடுங்கள்: பத்துப் பத்தாகக் குவியல். அப்புறம் பாட்டியே பாக்கி கொடுக்கக் கற்றுத்தரட்டும். கடைக்காரர்கள் கழித்துப் பார்ப்பதில்லை, விலையிலிருந்து மேலே எண்ணுவார்கள். அறுபத்தைந்து ரூபாய்ச் சாமான், கொடுத்தது நூறு: ஒரு ஐந்தை வைத்து எழுபது, ஒரு பத்தை வைத்து எண்பது, இன்னொரு பத்து தொண்ணூறு, இன்னொன்று நூறு. மாமியார் இதை மனதுக்குள் செய்வதால்தான் பேரனுக்குத் தெரியாமல் போயிற்று. உரக்கச் சொல்லி, ஒவ்வொரு காசாக மேசையில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாமியாருக்கு இதைவிட நல்ல வேலையை என்னால் யோசிக்க முடியவில்லை, தமிழா கிரியோலா என்ற சண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

டிஸ்கால்குலியா என்ற பெயர்

கணக்கறிவில் உண்மையான குறைபாடு உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், நூறு பேரில் மூன்று முதல் ஏழு பேர் வரை என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். நான் அதை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் இடமதிப்பில் வரும் தவறு மட்டும் அதற்கு அடையாளமாகாது. நான் கவலைப்படுவது வேறு அறிகுறிகளுக்கு: மூன்று காசை எண்ணாமல் மூன்று என்று சொல்ல முடியாமை, ஏழு பெரியதா ஒன்பது பெரியதா என்பதில் இந்த வயதிலும் தடுமாற்றம், நேற்று நன்றாகத் தெரிந்தது இன்று சுத்தமாக இல்லாமல் போவது, ஐந்தோடு ஒன்றைக் கூட்டவும் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. வீட்டில் மெதுவாகச் சோதித்துப் பாருங்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவதும் நல்லது.

முறையாகச் சொல்லித்தந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் சிரமம் மாறாமல் நீடித்தால்தான் அந்தப் பெயரைப் பற்றியே பேசத் தொடங்குவார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் கல்வி உளவியலாளர். டியூஷன் டீச்சர் சொன்னது ஒரு அபிப்பிராயம். அதை நம்பிப் பள்ளி மாற்ற வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த நாட்டில் கீழ்வகுப்புத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. எல்லோரும் அனுப்புகிறார்கள் என்று நீங்களும் அனுப்பினீர்கள், புரிகிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முடிவில் வரும் பிஎஸ்ஏசி தேர்வுக்கு இவனுக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. டியூஷனை நிறுத்தி, அந்த நேரத்தைக் காசுப் பைக்கும் கட்டம் போட்ட தாளுக்கும் கொடுங்கள். ஒருநாளைக்குக் கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் அவனும் களைப்பான், நீங்களும் குரலை உயர்த்துவீர்கள்.

இன்றிலிருந்து அவன் எழுதும் ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தப்பானவற்றையும் சேர்த்து. ஆறு மாதம் கழித்தும் 10025 மாறவில்லை என்றாலோ, மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்றிரண்டு இருந்தாலோ, அந்தத் தாள்களோடு பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, கல்வி அமைச்சின் உளவியலாளரிடம் பரிந்துரைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் அடுத்த தவணைக்குத் தள்ளிப்போகும். சிறப்புக் கல்வித் தேவைகளுக்கென்று 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தனி ஆணையமும் இங்கே உண்டு. மதிப்பீடு கையில் வந்த பிறகு தேவைப்பட்டால் அங்கே போகலாம். உளவியலாளரைப் பார்க்கும் நாளில், வீட்டில் எத்தனை மொழி, எந்த மொழியில் எண்ணக் கற்றான் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும் எண்கள் எந்த மொழியில் கேட்கப்படுகின்றன என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.